தலைசுற்றலுக்குக் கண்ணைப் பார்ப்பது ஏன்?

"அம்மாவுக்கு நேற்றிலிருந்து ஓயாத தலைசுற்றல், வாந்தி. டாக்டர் அவர் தலையை இரு கையாலும் பிடித்துச் சட்டென்று திருப்பிப் பார்த்தார். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டார். தலையைத் திருப்பினால் என்ன தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிறையவே தெரியும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி சுற்றினால், பெரும்பாலும் உள்காதில் இடம் மாறிய கால்சியம் கார்பனேட் துகள்கள்தான் காரணம். அதற்குச் சோதனையும் வேறு, சிகிச்சையும் வேறு. மணிக்கணக்காகச் சுற்றுவதுதான் சிக்கல். அது உள்காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ வந்த பக்கவாதமாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி.

கைப்பேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறது. இப்போது தலையை அசைக்காமல் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். முதல் முறை காப்பாற்றியது உங்கள் காது! தலை திரும்பும்போது உள்காதின் அரைவட்டக் குழலுக்குள் இருக்கும் திரவம் சற்றே பின்தங்கி, அங்கே அசைவை உணரும் மயிர்ச்செல்களை வளைக்கிறது. அந்தச் செய்தி மூன்றே நரம்புச் செல்களைக் கடந்து கண் தசையை எட்டுகிறது. ஏறக்குறைய நூறில் ஒரு நொடியில் கண் எதிர்ப்பக்கம் நகரத் தொடங்கிவிடும். கண்ணால் பார்த்து, மூளை கணக்கிட்டு நகர்த்துவதென்றால் பத்து மடங்கு தாமதம்.

மருத்துவர் சோதிப்பது இந்தக் குறுக்குவழியைத்தான். "என் மூக்கையே பாருங்கள்" என்று சொல்லித் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். வலக்காது நரம்பு கெட்டிருந்தால், வலப்பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு போய்விடும். பிறகு ஒரு வெட்டு வெட்டி மூக்குக்குத் திரும்பும். ஹால்மாஜி, கர்தாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் சிட்னியிலிருந்து இதை வெளியிட்டார்கள்.

அந்த வெட்டு தெரிந்தால் ஓரளவு ஆறுதல். ஓயாமல் சுற்றுகிறவருக்குக் கண் மூக்கிலேயே நிலைத்து நின்றால்தான் பயம். காதிலிருந்து கண் வரை வழி சரியாக இருக்கிறது, அப்படியானால் கோளாறு மூளையில்! காதுக்கு ரத்தம் தரும் குழாயே அடைபட்டால் இந்த ஒரு சோதனை ஏமாற்றக்கூடும். அதனால் கண்ணின் தன்னிச்சையான துடிப்பு திசை மாறுகிறதா, இரு கண்ணும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ. தவறவிட்ட பக்கவாதங்களைக்கூட இம்மூன்றும் சேர்ந்து பிடித்ததை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பயிற்சி மட்டுமே தேவைப்படும் இதை ஒவ்வொரு அவசரப் பிரிவு மருத்துவருக்கும் கற்றுத்தர அரசு செலவிட வேண்டும் என்பேன். வீட்டில் நாமோ "பித்தம்" என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்து, அரிய மணி நேரங்களை இழக்கிறோம்.

வாசகருக்கு: வீட்டில் அம்மாவின் கழுத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள். ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்த பிறகும், சில நாள் கழித்து மறுபடி எடுக்க மருத்துவர் சொன்னால் தட்டாமல் எடுத்துவிடுங்கள்.