எழுபது விழுக்காடு என்று காட்டிவிட்டு விளையாட்டு ஏமாற்றுகிறதா?

கணினி விளையாட்டுகளின் சமநிலையைச் சோதிப்பதும், ஆடுபவர்களின் கருத்துகளைப் படித்து அவற்றில் நிரல் பிழை எது, மனத்தாங்கல் எது என்று பிரித்தறிவதும் என் தொழில். மாயாஜால உலகில் முறை வைத்து ஆடும் மலிவு விலைப் போர் விளையாட்டு எதுவானாலும், "எழுபது விழுக்காடு வாய்ப்பு என்று காட்டுகிறது, ஆனால் அடி விழுவதே இல்லை, கணினி ஏமாற்றுகிறது" என்ற குற்றச்சாட்டு தவறாமல் வந்துவிடுகிறது. இதை நம்பிப் பலர் நல்ல விளையாட்டுகளை ஒதுக்கிவிடுவதால் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். டேவிட் வைட் 2003இல் வெளியிட்ட இதைத் தன்னார்வலர்கள் இன்றும் வளர்த்துவருகிறார்கள். காசு கொடுக்காமலே கிடைக்கிறது. படங்கள் பழைய பாணியில் இருப்பதாகச் சிலர் குறைப்படுவது அவரவர் ரசனை. அதிர்ஷ்டம் பற்றிய புகாரையோ கணக்குப் போட்டே சோதித்துவிடலாம்.

இதில் மந்திரவாதி ஒரு தாக்குதலில் மூன்று முறை அடிப்பார். ஒவ்வோர் அடியும் படுவதற்கு 70 விழுக்காடு வாய்ப்பு. மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு 2.7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 37 தாக்குதலுக்கு ஒன்று. ஓர் ஆட்டத்தில் நாற்பது ஐம்பது தாக்குதல் நடத்துபவருக்கு அது ஒருமுறையாவது நேராவிட்டால்தான் வியப்பு.

அதிர்ஷ்டத்தின் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி நிற்கும் இடத்துக்கும் பொழுதுக்கும் உரியது. 36 உயிர்ப்புள்ளிகள் (அவ்வளவு சேதம் பட்டால் சாவு) உள்ள ஈட்டி வீரர் ஒருவரை ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்தின் வீரர்கள் மூவர், ஒவ்வொருவரும் இரண்டு அடி வீதம், தாக்குவதாகக் கொள்வோம். ஓர்க்குகள் இருளில் வலுப்பெறுபவை. ஓர் அடியின் பலம் பகலில் 7, இரவில் 11. வெட்டவெளியில் ஈட்டி வீரர் மீது அடிபடும் வாய்ப்பு 60 விழுக்காடு, ஊருக்குள் நின்றால் 40. இரவில் வெட்டவெளியில் நிற்பவர் அந்த ஒரே முறையில் சாகும் வாய்ப்பு சுமார் 54 விழுக்காடு. அதே இரவில் ஊருக்குள் நின்றால் 18. பகலில் வெட்டவெளியிலேயே நின்றாலும் 5தான். அந்தி சாயும் நேரத்தில் வீரரைச் சமவெளியில் நிறுத்திவிட்டு விடியும்போது பகடையைத் திட்டுபவரின் வருத்தம் உண்மையானது, ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியன்று.

பிற விளையாட்டுகள் பழக்கிவிட்ட எதிர்பார்ப்பும் இதில் சேர்கிறது. 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் 2002 முதல் வந்த பல பாகங்கள் ஓர் அடி படுமா என்பதை ஒரு தற்செயல் எண்ணால் அல்லாமல், இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியால் முடிவு செய்கின்றன. ஆகவே திரையில் 90 என்று காட்டும் அடி உண்மையில் 98 விழுக்காடு படுகிறது. 'சிவிலைசேஷன்' வரிசையை உருவாக்கிய சிட் மையர், மூன்றுக்கு ஒன்று என்ற சாதக நிலையில் தோற்பதை ஆடுபவர்கள் ஏற்க மறுப்பதையும், பாதக நிலையில் தாம் வெல்வதை மட்டும் இயல்பாக ஏற்பதையும் 2010இல் ஓர் உரையில் விளக்கினார். ஆடுபவருக்குச் சாதகமாக எண்ணைத் திருத்தும் விளையாட்டு நியாயமானது என்று பெயர் வாங்க, எண்ணை உள்ளபடி காட்டும் விளையாட்டு ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே ஒரு மதிப்புரையைப் படிக்கும்போது அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார், எந்த நிலப்பரப்பில், எந்தப் பொழுதில் தோற்றார் என்று சொல்கிறாரா எனப் பாருங்கள். வெஸ்நாத்தில் தாக்குவதற்கு முன்பே சேதக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு விளைவின் வாய்ப்பையும் பார்க்கலாம். எதிர்பார்த்த சேதமும் நிகழ்ந்த சேதமும் புள்ளிவிவரப் பக்கத்தில் அருகருகே இருக்கும். நீங்கள் புகார் எழுதுவதானால் அந்த இரண்டு எண்களையும், விளையாட்டே சேமித்துத் தரும் ஆட்டப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். சம்பளமின்றி உழைப்பவர்கள் உண்மையிலேயே பிழை இருந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருத்த அவை உதவும்.