முத்துப்பார்: வங்கியும் இல்லை, படுகையும் இல்லை

'தூத்துக்குடிக்கு எதிரே கடலில் முத்து வங்கிகள் இருந்தன.' இந்த வாக்கியத்தை இந்த ஆண்டு மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். முதலில் ஒரு சுற்றுலாக் கையேட்டில், அப்புறம் போட்டித் தேர்வுக்கான குறிப்புகளில், கடைசியாக ஓர் ஆவணப்படத்தின் பின்னணிக் குரலில். அந்தக் குறிப்புகளைப் படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? முத்துகளை வாங்கி இருப்பு வைத்த ஏதோ ஒரு நிறுவனம் என்றுதானே நினைப்பார். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்பது பணம் போடும் இடத்துக்கும் பெயர், கடலடியில் மேடாகக் கிடக்கும் நிலத்துக்கும் பெயர். முதல் பொருளை மட்டும் தெரிந்தவர், அல்லது அதை மட்டும் தெரிந்த இயந்திரம், மொழிபெயர்த்ததால் வந்த வினை இது.

இதற்குச் சரியான சொல் முத்துப்பார். புதிதாக உருவாக்கிய கலைச்சொல் இல்லை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது.

பார் என்றால் உலகம், நிலம் என்பது எல்லோருக்கும் தெரியும். வலிய நிலம், பாறைத்தளம் என்ற பொருளும் அதற்கு உண்டு. புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் கபிலர் 'பாருடைத்த குண்டகழி' என்கிறார்: வன்மையான நிலத்தை உடைத்துத் தோண்டிய ஆழமான அகழி. கடலோடி சொல்லும் பாரும் இந்த வன்னிலம்தான். நீருக்கு அடியில் இருக்கிறது, அவ்வளவே. (பாறை என்பதில் வருவது வல்லின றகரம், பாரில் இடையின ரகரம். பொருள் நெருங்குகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே வேரில் கட்ட வேண்டாம்.)

வங்கி வெறும் கவனக்குறைவு. சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். என்னை அதிகம் வருத்துவது 'முத்துப்படுகை'. படித்தவர்கள் யோசித்து எழுதும் சொல் அது. தமிழ்ச் சொல்லாகவும் இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. 'ஆய்ஸ்டர் பெட்' என்ற தொடரில் படுக்கை தெரிகிறது, உடனே படுகை என்று எழுதிவிடுகிறார்கள்.

படுகை என்றால் நமக்கு என்ன தோன்றும்? ஆற்றோரத்து வண்டல் நிலம். தாமிரபரணிப் படுகை, காவிரிப் படுகை என்கிறோம். வெள்ளம் கொண்டுவந்து படிய வைத்த மண் அது, காலை வைத்தால் பதியும். முத்துச்சிப்பி வாழ அப்படிப்பட்ட இடம் உதவவே உதவாது. சிப்பிக் குஞ்சு முதலில் நீரில் மிதந்து திரியும். பிறகு கடலடிக்கு இறங்கி, நூல் போன்ற இழைகளால் கெட்டியான ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். சேற்றில் விழுந்தால் புதைந்து சாகும். ஓடுகிற மணலில் விழுந்தாலும் அதே கதிதான். பாராக இருந்தால் ஒட்டும், வளரும், கூட்டமாகும். பார் மேல் மணல் வந்து மூடிவிட்டால் அந்த ஆண்டு சிப்பியும் இல்லை, முத்தும் இல்லை. முத்துக்குளிப்பு சில ஆண்டுகள் அமோகமாக நடந்து, பிறகு பல ஆண்டுகள் ஒன்றுமே கிடைக்காமல் போனதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே படுகை என்று எழுதும்போது சிப்பியைக் கொல்லும் நிலத்தின் பெயரைச் சிப்பி வாழும் நிலத்துக்கு வைத்துவிடுகிறோம். சொல் அழகாக இருக்கிறது, பொருள் தலைகீழாகிவிட்டது.

'திட்டு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. திட்டு என்றால் மேடு, பெரும்பாலும் மணல் மேடு, நீர் வற்றினால் தலைகாட்டுவது. தூத்துக்குடிப் பார்கள் ஏழெட்டுப் பாகத்துக்கும் கீழே கிடப்பவை. பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி. அந்த ஆழத்தில் உள்ளதற்குத் திட்டு என்ற பெயர் பொருந்தாது.

கடலில் போகிறவர்கள் கடலடியைச் சேறு, மணல், பார் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். இறாலுக்குச் சேற்றுப் பக்கம் போக வேண்டும். களவாவும் விளமீனும் பாரில் கிடக்கும். எந்த வலையை எங்கே விடுவது, எங்கே விட்டால் கிழியும் என்பதெல்லாம் இந்தப் பிரிவை வைத்துத்தான். பார்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு: தொளாயிரம் பார், குடமுத்துப் பார், பாசிப் பார். ஊருக்குள் தெருக்களைப் போல இவர்களுக்கு அவை அடையாளங்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து மீன்வள அதிகாரிகள் 'பார்' என்ற தமிழ்ச் சொல்லையே தங்கள் அறிக்கைகளில் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹோர்னெல் அப்படித்தான் எழுதினார். விடுதலைக்குப் பிறகு வந்த நம் கடல்மீன் ஆராய்ச்சியாளர்களின் ஆங்கிலக் கட்டுரைகளிலும் அது அப்படியே இருக்கிறது. வேற்றுமொழிக்காரர் தம் மொழியில் ஈடான சொல் இல்லை என்று உணர்ந்து நம் சொல்லைக் கடன் வாங்கினார். நாம் அவர் எழுதியதை மொழிபெயர்க்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் 'பார்' என்ற சொல்லை விட்டுவிட்டு, அதற்கு அவர் கொடுத்த ஆங்கில விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு வங்கி, படுகை என்று எழுதுகிறோம்.

பார் என்றால் மதுக்கடை என்று நினைப்பார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். முத்துப்பார், சிப்பிப்பார் என்று சேர்த்து எழுதினால் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை. 'ஆறு' என்பது எண்ணும் ஆகிறது, நீரோடும் ஆறும் ஆகிறது. அதற்காக நாம் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிடவில்லை.

இந்தக் கரையைப் பற்றி எழுதப்படும் மொழிபெயர்ப்புகளில் இதே கோளாறு வேறு இடங்களிலும் இருக்கிறது. போர்த்துகீசியர் இந்தக் கடற்கரையைக் 'கோஸ்டா ட பெஸ்காரியா' என்று அழைத்தார்கள். அதை 'மீன்பிடிக் கடற்கரை' என்று எழுதுகிறார்கள். இங்கே பெஸ்காரியா என்பது முத்துக்குளிப்பைக் குறித்தது. நம்மவர் சொன்ன பெயர் முத்துக்குளித்துறை. குளித்தல் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் மூழ்குதல். சங்கு எடுக்க மூழ்குவதை இன்றும் சங்குகுளித்தல் என்றுதான் சொல்கிறார்கள். முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று இன்னொரு பெயரும் இருந்தது, அது ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தைப் பாடுகிறது. பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, பாண்டியரின் கொல்கையில் (கொற்கையைத்தான் அப்படி எழுதுகிறது) தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. அந்தக் கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. போர்த்துகீசியருக்குப் பின் 1658-இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். ஆட்சி மாறினாலும் எல்லோருக்கும் பார் மேல் ஒரு கண் இருந்தது. கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 1986 அக்டோபரில் தூத்துக்குடி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது துறைமுகமும் உப்பளமும்தான் இதன் பிழைப்பு. முத்து பெயரில் நிற்கிறது: முத்துநகர், முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெயரில் மட்டும் முத்து இருக்கும் காலத்தில் பார் என்ற சொல் ஏன் மறக்கப்படுகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சிப்பிக்காகப் பாருக்குப் போகிறவர் இல்லை, மீனுக்காகப் போகிறவர் பேசுவதை எழுதுகிறவர் கேட்பதில்லை.

ஆனால் சொல்லுக்குத் தேவை இன்னும் இருக்கிறது. மீன் பெருகுவதற்காகக் கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலில் இறக்குகிறார்கள். செய்திகளில் அதைச் 'செயற்கைப் பவளப்பாறை' என்கிறார்கள். அதில் பவளம் எங்கே இருக்கிறது? 'ரீஃப்' என்று கண்டாலே பவளப்பாறை என்று எழுதும் பழக்கத்தால் வந்தது இது. 'செயற்கை மீன் உறைவிடம்' என்ற தொடர் நீளமானாலும் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் செயற்கைப் பார் என்றே எழுதலாம். கெட்டியான தளம், மீன் வந்து அடையும் இடம் என்று கேட்டவுடன் கடலோடிக்குப் புரியும், விளக்கம் தேவைப்படாது.