ரிப்போர்ட் நார்மல்தான், பையனுக்கு வலிக்கிறது

நீட் முடிவு வந்து, அடுத்த வருடக் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் நாட்களில் என் கிளினிக்குக்கு வயிற்றுவலிப் பையன்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருடம் நான்காவது பையன் வந்துபோன ராத்திரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இரண்டு. வருடத்தில் முக்கால்வாசி நாள் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டு கிடப்பவர். பையனுக்கு 18 வயது. பிளஸ் டூ வரை விடுதிப் பள்ளி, அப்புறம் ஒரு வருடம் ரிப்பீட்டராக மறுபடி நீட் கோச்சிங், இப்போது இரண்டாவது வருடத்துக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது.

மேசைமேல் தடித்த ஃபைல். மூன்று ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி, ஏகப்பட்ட ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல்.

“அப்ப நடிக்கறானுங்க டாக்டர். ஊட்டுல இருந்தா வலியே இல்லீங்க. ஆஸ்டலுக்குக் கிளம்பறப்பத்தான் வருது” என்றார் அப்பா, பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

இந்த ‘நடிக்கறான்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரிப்போர்ட் நார்மல் என்றால் புண் இல்லை, கல் இல்லை, அடைப்பு இல்லை, அவ்வளவுதான். வலி இல்லை என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. வலியைப் படம் பிடிக்கிற மிஷின் என்னிடம் இல்லை, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் இல்லை. அவரையே கேட்டேன்: “700 அடியில ராடு மாட்டிக்கிட்டா உங்க வயிறு எப்படி இருக்குமுங்க?” “கலக்கி எடுத்துருமுங்க” என்றார். அப்போது ஸ்கேன் எடுத்தாலும் நார்மல்தான் வரும். அவர் நடிக்கிறாரா? வீட்டில் வலி இல்லை, கிளம்பும்போது வருகிறது என்பதை நடிப்புக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கோ அதுதான் நோயைக் கண்டுபிடிக்க முதல் தடயம். நடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்து தொண்டையில் குழாய் விட்டுக்கொள்ள அவர்கள் சம்மதிப்பதில்லை.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். கால்மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ரிக் வண்டியைப் பற்றிக் கேட்டதும் வாய் திறந்தது. கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டத் தெரியுமாம். “படிக்க மாட்டேன்னு சொல்லலீங்க டாக்டர். இது எனக்கு வேணுமான்னு யோசிச்சுப் பாக்கறேன். அதுக்கே விட மாட்டேங்கறாங்க. உனக்காகத்தான்டா புழுதி குடிச்சேன்னு அப்பா சொன்னா, நான் என்னங்க பதில் சொல்றது?” இதை அவன் அமுச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

அப்பா கெட்டவர் இல்லை. புழுதி குடித்தவருக்குத்தான் வெள்ளைக் கோட்டின் அருமை தெரியும். ஆனால் நீட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். 2022 முதல் மேல்வயது வரம்பும் கிடையாது. போதும் என்று சொல்ல விதி இல்லை, வீட்டிலும் ஆள் இல்லை. வயிறுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது. எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், காய்ச்சலோ விடாத வாந்தியோ இருந்தால், தூக்கத்தை விட்டு எழுப்புகிற வலி என்றால் உடனே வாருங்கள், பரிசோதனை அவசியம். அதெல்லாம் இல்லாமல், ஒரு தடவை முறையாகப் பார்த்தாகிவிட்ட பிறகு நான்காவது ஸ்கேனுக்கு ஊர் ஊராக அலையாதீர்கள். பங்காளி வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், தயவுசெய்து. “நான் இல்லைன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்” என்று பையன் சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே பூட்டுங்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416: எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

படிப்பு ஆலோசனை என் வேலை இல்லை. இருந்தாலும் தெரிந்ததைச் சொன்னேன். பிளஸ் டூ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. “டிப்ளமோ படிச்சா பொண்ணு குடுப்பாங்களாங்க?” என்று கடைசியில் கேட்டார். பையன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

மாத்திரை எதுவும் எழுதவில்லை. அடுத்த வாரம் அமுச்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.