ஐடிஐ படிவத்திலேயே பறிபோகும் சோலார் வேலை

வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் பொருத்தும் வேலைக்குக் கிராமத்துப் பெண்களும் வரலாம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். யாரைச் சேர்ப்பார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த வேலையைக் கற்றுத்தரும் மத்திய அரசின் சூரியமித்ரா பயிற்சி 2015இல் தொடங்கியது. 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம், தங்கிப் படிக்க வேண்டும். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். கிராமப்புறத்தினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த முன்னுரிமை தகுதி இருப்பவர்களுக்கு மட்டும்தான், சிக்கலே அங்கேதான்.

பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன், வயர்மேன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், ஃபிட்டர், ஷீட் மெட்டல் ஆகியவற்றில் ஒன்றை முடித்திருக்க வேண்டும். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் செல்லும். பிளஸ் டூ மட்டும் போதாது. பி.இ. முடித்தவர்களுக்கும் இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் எலக்ட்ரீஷியன் பிரிவைக் கேட்டுத்தான் ஐடிஐக்குப் போனாள். "கம்பம் ஏறவா போகிறாய்?" என்று சிரித்தபடியே கம்ப்யூட்டர் பிரிவில் எழுதிவிட்டார்கள். பிறகு சோலார் பயிற்சிக்காக மூன்று முறை பஸ் ஏறினாள். மூன்றாம் முறைதான் அந்தச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம். தையல் பிரிவு முடித்தவர்களுக்கும் இதே கதைதான். சேரும் நாளில் படிவத்தில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

"வயதாகிவிட்டது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, பயிற்சிக் கட்டணமும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்றால், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஐடிஐக்கும் பொருந்தும்.

அடுத்த முட்டுக்கட்டை இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து. இந்த ஓர் எழுத்துக்காகவே விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கும். பயிற்சி அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே ஆதாரைச் சான்றிதழோடு பொருத்திவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், விண்ணப்பத்தை அனுப்பும் முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் மறுபடி இங்கே. இரண்டுமே இந்தப் பயிற்சியை நடத்துவதில்லை. பயிற்சி மையத்திடமே நேரடியாகப் பேசுங்கள். அடுத்த அணி (பேட்ச்) எப்போது, பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, எந்தெந்த அசல் சான்றிதழ்கள் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு கிளம்பினால் போதும். "இடம் பிடித்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அது உங்கள் பணத்துக்கு வலை.

வகுப்பில் உட்கார்ந்திருந்தாலே சான்றிதழ் வந்துவிடாது. கடைசியில் மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது. அறுவடையோ வீட்டு விசேஷமோ அந்த மூன்று மாதத்துக்குள் வருமென்றால், பாதியில் விட்டுவிட்டு வராமல் அடுத்த அணியில் சேருங்கள்.