மத்தியானம் சுருண்டு பொழுதுபட விரியும் இலை

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் முறை தவறிய வயலில், சோளகம் வீசும் ஆடி மாத மத்தியானத்தில் நெல் இலைகள் ஊசி மாதிரிச் சுருண்டு நிற்கும். பொழுதுபட அவையே விரிந்துவிடும். இடையில் ஒரு சொட்டும் பாய்ச்சியிருக்க மாட்டார்கள்.

பகலில் இலைக்குப் போகும் நீர் மேலிருந்துதான் இழுபடுகிறது. இலையின் நுண்துளைகளான இலைவாய்களால் நீராவி வெளியேற வெளியேற, நரம்புக்குள் நீரைக் கடத்தும் காழ்க் குழாய்களில் நீர் மேலே ஏறும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் இழுவை வேர்வரை போகிறது. டிக்சன், ஜோலி என்ற விஞ்ஞானிகள் 1894இல் சொன்ன விளக்கம் இது.

மண் காய்ந்தால் இழுவை கூடும். கார் ரயருக்குள் இருப்பது இரண்டு வளிமண்டலத்துக்குச் சற்றுக் கூடிய அழுத்தம். வாடும் இலைக்குள் இழுவையோ பத்து, பதினைந்தைத் தாண்டும். ஒரு கட்டத்தில் நீர்க்கம்பி அறுந்து, காற்றுக் குமிழி குழாயை அடைத்துவிடும். 1966இல் மில்பர்ன், ஜோன்சன் என்ற ஆய்வாளர்கள் வாடும் ஆமணக்கு இலைக்காம்பில் ஒலியுணரியைப் பொருத்தி, இந்த அறுபடுதலை 'டிக், டிக்' என்று காதாலேயே கேட்டார்கள். நம்முடைய வேலியோர ஆமணக்குத்தான்!

குமிழி வருமுன்பே இலை தற்காப்பைத் தொடங்கிவிடுகிறது. நரம்பைச் சுற்றியுள்ள கலங்கள் சுருங்கி நீரோட்டம் மந்தமாகும். அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஓமோன் இலைவாய்களை மூடவைக்கும். நெல் இலையின் மேற்தோலில் இருக்கும் பெரிய கலங்கள் நீரிழந்து தளர, இலை சுருண்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இலைவாய் மூடினால் காபனீரொட்சைட்டும் உள்ளே வராது. கதிர் வரும் நேரத்தில் இந்த வாட்டம் நீடித்தால் பதர்தான் மிஞ்சும்.

வெயில் தாழ்ந்ததும் ஆவியாவது குறைகிறது, வேர் உறிஞ்சுவது இலைக்குப் போதுமாகிறது, இலை விரிகிறது. மண்ணில் ஈரம் தாராளமாக இருந்தால் இரவில் வேர் நீரை மேலே தள்ளவும் செய்யும். விடிய நெல் இலை நுனியில் நிற்கும் முத்துத் துளி எல்லாம் பனி இல்லை. இலையே கசியவிட்டதும் அதில் இருக்கும். குமிழி அடைத்த குழாய்கள் திரும்ப நிரம்பவும் இந்தத் தள்ளல் உதவுகிறது. வயலோரக் காட்டில் நிற்கும் பாலைக்கும் வீரைக்கும் அந்த வசதி கிடையாது, அவ்வளவு உயரத்துக்கு வேரால் தள்ள முடியாது.

ஆக, மத்தியானச் சுருளைப் பார்த்துப் பதற வேண்டாம். காலை ஏழு மணிக்கும் இலை சுருண்டபடியே நின்றால், இரவு முழுக்க உறிஞ்சியும் நீர் போதவில்லை. அடுத்த முறைவரை பொறுக்க அந்தப் பயிரால் முடியாது.