வேப்பிலையின் ஒரு இலை எது?

வேப்பமரத்திலிருந்து ஒரே ஒரு இலை பறித்து வரச் சொன்னால், பலரும் அரிவாள் போல வளைந்து, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும் அந்தச் சின்னப் பச்சைத் துண்டைத்தான் கிள்ளி வருவார்கள். அது சிற்றிலை. நடுவில் ஓடும் ஈர்க்கும் அதன் இருபுறச் சிற்றிலைகளும் சேர்ந்த முழு நீளமும்தான் ஒரு இலை. இப்படி அமைந்ததைக் கூட்டிலை என்பார்கள்.

சரி, எது இலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே கடுகளவில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மரத்தை அடையாளம் காண நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த மொட்டைத்தான். வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பலாவின் இளங்கன்றில் இலைகள் மடல் மடலாகப் பிளந்திருக்கும். வளர்ந்த மரத்தில் பிளவே இருக்காது.

ஒரே மரத்திலும் உச்சி இலையும் நிழலில் கிடக்கும் கீழ்க்கிளை இலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இலையின் வேலை அப்படி. ஒளியைப் பிடித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்க வேண்டும். வாயு நுழைய இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகிவிடும். துளையின் இருபுறமும் உதடு போல இரண்டு காப்புச் செல்கள். நீர் ஏறி அவை உப்பினால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். பெரும்பாலான மரங்களில் இத்துளைகள் வெயில் நேராகப் படாத அடிப்பக்கத்தில்தான் அதிகம். வெயிலில் காயும் இலை சிறிதாக, தடிப்பாக வளரும். நிழல் இலை அகலமாக, மெல்லிசாக விரிந்து கிடைக்கும் ஒளியைப் பிடிக்கும்.

அளவு மாறினாலும் இலை அடுக்கு அவ்வளவாக மாறாது. மாவில் இலைகள் மாறி மாறி வரும். நாவலிலும் தேக்கிலும் எதிரெதிரே ஜோடியாக. நாவல் இலையை வெளிச்சத்தில் பிடித்தால், பக்க நரம்புகளை இணைத்துக்கொண்டு ஓரத்தை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுவது தெரியும். கசக்கினால் டர்பன்டைன் வாசம் வரும். மூக்கும் இதில் நல்ல கருவிதான்.

அப்புறம், ஆஸ்திரேலியாவின் பல வேல மரங்கள் இருக்கின்றன. முளைத்த புதிதில் அவற்றுக்கும் கூட்டிலைதான். வளர வளரச் சிற்றிலைகள் காணாமல் போய், காம்பே தட்டையாகி இலை வேலையைப் பார்க்கும். பார்ப்பவருக்கு அது சாதாரணத் தனி இலை. அதன் கக்கத்திலும் மொட்டு உட்கார்ந்திருக்கும்.