எம்.எஸ். உள்ளவர்களைப் பாய்மரப் படகில் கூட்டிப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு பேராக் மாநிலச் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) உள்ள இன்னொருவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போன வாரம்வரை தடி ஊன்றி நடந்தவர். குழுவாக லுமுட் கடற்கரைக்குப் போய்ப் பாய்மரப் படகு ஏறியிருக்கிறார்கள். "நல்லா வெயில் படட்டும்னுதான் மேல்தட்டுல உட்கார வெச்சோம். இந்த நோய்க்கு வைட்டமின் டி நல்லதாமே?" பிசியோதெரபி அறையில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வைட்டமின் டி கதையை முதலில் முடித்துவிடுவோம். இரத்தத்தில் அது குறைவாக இருப்பவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரிந்ததுதான். அது பல ஆண்டுக் கணக்கு. நோய் வந்துவிட்ட ஒருவரை ஒரு நாள் உச்சி வெயிலில் வாட்டுவதால் அவருக்கு எதுவும் கிடைக்காது. குறைபாடு இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். வெயிலோடு சேர்ந்து வருவது சூடு. மயலின் என்ற மேலுறை இந்த நோயால் அரிக்கப்பட்ட நரம்புக்குச் சூடுதான் எதிரி. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கும், கால் துவளும், நாக்கு குழறும். உடலை வருத்தினால் நோயாளியின் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890லேயே எழுதிவைத்தார்; சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. ஸ்கேன் வருவதற்கு முன்பு, நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, கைகால் தளர்கிறதா என்று பார்த்தே இந்த நோயைக் கணித்த காலமும் உண்டு. அந்தப் பரிசோதனையைத்தான் நீங்கள் படகின் மேல்தட்டில் நடத்துகிறீர்கள்.

ரப்பர்ப் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தானே இருட்டோடு போனார்கள்? இவர்கள் நரம்புக்கும் குளிர்ந்த நேரம்தான் வேலை நேரம். காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பட்டும், பத்தரைக்குள் கரைக்குத் திரும்பட்டும். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்று என்ற திடீர்ப் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும்தான் அடிக்கும். முந்தின இரவு ஒரு முறை, கிளம்புமுன் ஒரு முறை மெட்மலேசியா வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஆகாது என்றால் மாலை நாலரைக்குப் போகலாம். நடுப்பகல் மட்டும் வேண்டாம்.

படகில் நிழல்துணி இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது. விசிறி மட்டும் போதாது. துவாலையை நனைத்துக் கழுத்திலும் முன்கையிலும் போட்டால் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் நாலைந்து துவாலை வையுங்கள். உணர்ச்சி குறைந்த தோலில் ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. அதே காரணத்துக்காக வெறுங்காலும் கூடாது. காய்ந்த தட்டில் பாதம் வெந்து கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. சிலிப்பர் காலைவிட்டுக் கழன்றுபோகும். குதிகால் மூடிய சப்பாத்து போடுங்கள்.

சூட்டில் போன பலம் உடம்பு குளிர்ந்தால் திரும்பிவிடும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். புது அறிகுறி, காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி தாக்குகிறது, என்று சந்தேகிக்க வேண்டும். வீட்டில் மிச்சம் கிடந்த ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

வீல்சேரில் வந்தவருக்கு ஏன் பலம் திரும்பவில்லை? சிறுநீர்த் தொற்று. படகுக் கழிவறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. இதுவும் புதிதல்ல. அந்தக் கழிவறை கீழ்த்தட்டில், செங்குத்தான ஐந்தாறு படிக்குக் கீழே, ஒரு ஆள் திரும்ப இடமில்லாமல் இருக்கும். எத்தனை படி, இருபுறமும் பிடி இருக்கிறதா என்று முன்பே கேட்டு, இறங்க முடியாது என்றால் சிறுநீர்ப் போத்தலும் ஒரு மறைப்புத் துணியும் எடுத்துப் போங்கள். கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) போடுகிறவர் வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு எடுக்கட்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

வாந்திக்கென்று கடையில் வாங்கும் டைமென்ஹைட்ரினேட் தூக்கத்தைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும். ஏற்கெனவே சிறுநீர்ப்பைக்கு ஆக்ஸிபியூட்டினின் எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து மலச்சிக்கலாகி வயிறு கல்லாகிவிடும். மருந்தாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

அதிகமாக விழுவது கடலில் அல்ல, படகுத்துறையில். நீர் வற்றும்போது மிதவைக்கு இறங்கும் சரிவுப் பலகை செங்குத்தாகிவிடும். அலையட்டவணை பார்த்து நீர் ஏறியிருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள். இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து "வாங்க அண்ணே" என்று தூக்கி இழுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வெடுக்கென்று இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகும், தோள்பட்டை நழுவும். இடுப்புப் பட்டையைப் பிடியுங்கள். முதலில் விளிம்பில் உட்காரட்டும், கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கட்டும், பிறகு நகர்ந்து இறங்கட்டும். கால் தானாகத் துள்ளினால் நிறுத்திப் பாதத்தை முழுதாகப் பதிய வையுங்கள், அடங்கும்.

உயிர்காப்புச் சட்டையில் தொடைப்பட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் சட்டை மேலேறும், ஆள் கீழே போவார். ஓடும் படகில் அவரை வீல்சேரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. இருட்டில் கண் உதவாதபோது தள்ளாட்டம் இரட்டிப்பாகும், எனவே தங்கும் பயணமென்றால் நெற்றி விளக்கு வேண்டும். தனியாக நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள். படகோட்டியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு "அப்ப போகவே வேணாம்" என்று சொல்கிற அத்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. டென்மார்க் மருத்துவர் மிக்கெல் அந்தோனிசன் தொடங்கிய ‘ஓஷன்ஸ் ஆஃப் ஹோப்’ படகு 2014இல் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, எம்.எஸ். உள்ளவர்களையே மாலுமிகளாகக் கொண்டு உலகைச் சுற்றி 2015இல் திரும்பியது. அவர்கள் கயிறு இழுத்தார்கள், சுக்கான் பிடித்தார்கள். உங்கள் வீட்டு ஆளுக்கும் சுக்கானைக் கொடுங்கள், உட்கார்ந்தபடியே செய்யலாம். இருபது நிமிடத்தில் மாற்றிவிடுங்கள். சோர்ந்துவிட்டேன் என்று அவர் சொன்னால் அது சோம்பேறித்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை.

மருந்து விஷயம் சுருக்கமாக. குளிரில் வைக்கும் ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஐஸில் ஒட்டி உறையக் கூடாது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபன் மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டுப் போகாதீர்கள்; திடீரென நின்றால் வலிப்பு வரலாம். மாத்திரைகளைப் பிரித்து இரண்டு பையில் போடுங்கள், ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கும். மருந்துப் பெயர்கள், அளவு, வீட்டு எண், "சூடானால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துவிடுங்கள்" என்ற ஒரு வரி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் படகோட்டியிடம் கொடுங்கள். தாளை மலாயில் எழுதுங்கள். அவசரத்தில் அதைப் படிக்கப்போவது அவர்தான்.